காலி நிலம் என்று எண்ணப்பட்ட நிலம்: ருவாண்டாவின் கிழக்கு மாகாணம், ஒரு நிகழ்வு ஆய்வு

ருவாண்டாவில் ஒரு நிலத்தின் பதிவு எண் 5 என்று தொடங்கினால் அது கிழக்கு மாகாணத்து நிலம். 5/02 என்றால் நியாகதாரே மாவட்டம், 5/04 என்றால் கயோன்சா, 5/07 என்றால் புகெசெரா. அதற்கடுத்து வட்டாரத்தின் எண், உட்வட்டாரத்தின் எண், கடைசியில் அந்தத் துண்டு நிலத்தின் எண். அங்குள்ள விவசாயிக்கு மாகாணம் என்பது பெரும்பாலும் இந்த முதல் எண்தான். நிலத்தைப் பெயர் மாற்றுவதும் வரி கட்டுவதும் குடிநீர்க் குழாய் கேட்பதும் அடுத்தடுத்த எண்களுக்குரிய அலுவலகங்களில் நடக்கின்றன.

அதிகாரத்தில் இவ்வளவு சிறிதாக இருக்கும் மாகாணம் பரப்பில் மிகப் பெரியது. நாட்டின் 26,338 ச.கி.மீ. பரப்பில் 9,458 ச.கி.மீ. இதனுடையது. 2012 கணக்கெடுப்பில் 25,95,703 பேர். 2022-இல் 35,63,145 பேர். பத்தாண்டில் 37% கூடுதல். நாட்டின் ஐந்து மாகாணங்களில் (கிகாலி நகரத்தையும் சேர்த்து) மக்கள்தொகையில் முதலிடம், மக்கள் நெருக்கத்தில் கடைசி இடம். இந்த இரண்டாவது தகவல்தான் கிழக்கின் கதையைத் தீர்மானித்து வந்திருக்கிறது. நெருக்கம் குறைவு என்பதை 'இடம் இருக்கிறது' என்று ஒவ்வொரு அரசும் படித்தது. அந்த இடத்தில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் பிந்தியே வந்தது.

நிலமும் மழையும்

ருவாண்டாவின் மேற்கிலும் வடக்கிலும் குன்றுகள் செங்குத்தாக எழும், மழையும் தாராளம். கிழக்கே வரவர குன்றுகள் தட்டையாகி, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,300 முதல் 1,600 மீட்டர் உயரத்தில் அகேசியா மரங்கள் சிதறிய புல்வெளியாக விரிகின்றன. பல இடங்களில் ஆண்டு மழை 1,000 மி.மீ.-ஐத் தொடாது, கிழக்கு ஓரத்தில் இன்னும் குறைவு.

மழை இரண்டு தவணையாக வருகிறது. செப்டம்பர் இறுதியில் தொடங்கி டிசம்பர் வரை ஒன்று, மார்ச்சிலிருந்து மே வரை மற்றொன்று. விவசாயத் துறையின் பேச்சில் இவை 'ஏ' பருவமும் 'பி' பருவமும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நீளும் வறட்சியில் சதுப்பு நிலத்தில் மட்டும் செய்யும் சாகுபடி 'சி' பருவம். மக்காச்சோளம் ஏறத்தாழ நான்கு மாதப் பயிர். அக்டோபர் நடுவில் விதைத்து, டிசம்பரில் கதிர் பிடிக்கும் வேளையில் இரண்டு மூன்று வாரம் மழை நின்றுபோனால் தட்டைதான் மிஞ்சும், மணி இருக்காது. பீன்ஸ் இரண்டரை மூன்று மாதத்தில் முடிந்துவிடும் என்பதால் தப்பிக்க வாய்ப்பு கூடுதல். மழை எப்போது தொடங்குகிறது என்பதைவிட எப்போது நிற்கிறது என்பதே இங்கு விளைச்சலைத் தீர்மானிக்கிறது.

இவ்வளவுக்கும் வரைபடத்தைப் பார்த்தால் நீலம் நிறையவே தெரியும். நியாபரோங்கோ ஆறு வந்து சேரும் ருவேரு ஏரியிலிருந்து அகாகெரா ஆறு புறப்படுகிறது. ருசுமோ அருவிக்குச் சற்று மேலே ருவுவு ஆறு அதில் கலக்கிறது. பிறகு தான்சானியாவின் எல்லையாக வடக்கே ஓடி, கடைசியில் விக்டோரியா ஏரியை அடைகிறது. வழியெங்கும் ஏரிகளும் நாணல் சதுப்புகளும். முகெசெரா, சாகே, முஹாசி, நாஷோ, இஹேமா என்று பெயர்கள் நீளும். ஆனால் தண்ணீர் தாழ்விலும் வயல் மேட்டிலும் இருக்கின்றன. ஏரிக்கரையில் குடியிருந்தும் பயிர் வாடும் நிலைக்கு அதுவே காரணம். பம்பு, குழாய், அவற்றை இயக்க மின்சாரம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அந்த நீலம் வயலுக்கு வரும்.

வடக்கே ஓடும் முவும்பா ஆறு வேறு வகைச் சிக்கல். ருவாண்டாவின் வடக்கு மலைகளில் பிறந்து, உகாண்டாவுக்குள் போய்த் திரும்பி, நியாகதாரே வழியாக அகாகெராவில் சேர்கிறது. நியாகதாரேயின் உள்ளே ஓடும் பெரிய ஆறு இது ஒன்றே. அதன் தலைமாடு வேறு மாகாணத்திலும் வேறு நாட்டிலும் இருப்பதால் மேலே நடக்கும் மண்ணரிப்பைத் தடுக்க நியாகதாரே மாவட்டத்துக்கு அதிகாரமே இல்லை. வண்டல் மட்டும் வந்து சேர்ந்துவிடும்.

யார் யாரை இங்கே அனுப்பினார்கள்

1934-இல் பெல்ஜிய ஆட்சி அகாகெரா தேசியப் பூங்காவை அமைத்தபோது ஏறத்தாழ 2,500 ச.கி.மீ. மனிதக் குடியிருப்புக்கு வெளியே போனது. தெற்கே புகெசெரா, உறக்க நோயைப் பரப்பும் செட்சி ஈயின் தொல்லையால் ஆட்கள் குறைந்த பகுதி. 1959-இல் தொடங்கிய வன்முறைக்குப் பின் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட துட்சி இனக் குடும்பங்களை நியமாதாவைச் சுற்றி அங்கேதான் கொண்டுவந்து இறக்கினார்கள். மாடும் மனிதரும் நோயில் மடியும் இடம் என்று தெரிந்தே செய்யப்பட்ட காரியம் அது. அந்தக் குடும்பங்களின் வழிவந்தவர்கள் துட்சிகளுக்கு எதிரான 1994 இனப்படுகொலையில் நியமாதா, ந்தராமா தேவாலயங்களில் தஞ்சம் புகுந்து கொல்லப்பட்டார்கள். நியமாதா நினைவிடம் 2023-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. புகெசெராவின் மக்கள்தொகையையோ நிலப்பகிர்வையோ பேசும் எவரும் இதைத் தாண்டிப் போக முடியாது; அங்கே யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்பதற்கே இது வேர்.

1994 ஏப்ரல் இறுதியில் ருசுமோ பாலத்தைக் கடந்து ஒரே நாளில் ஏறத்தாழ 2,50,000 பேர் தான்சானியாவுக்குள் போனார்கள். சில மாதங்களுக்குள் எதிர்த்திசையில் இன்னொரு ஓட்டம்: 1959-இலும் அதற்குப் பின்னும் வெளியேறியவர்கள், அவர்களது பிள்ளைகள், லட்சக்கணக்கில் திரும்பினார்கள். உகாண்டாவிலிருந்து வந்தவர்கள் மாட்டு மந்தைகளோடு வந்ததால் வடகிழக்குப் புல்வெளியில் நின்றார்கள். அவர்களுக்காக 1996-இல் உமுதாரா என்று ஒரு புதிய நிர்வாகப் பகுதியே உருவானது. 1997-இல் பூங்கா 1,122 ச.கி.மீ.-ஆகச் சுருக்கப்பட்டது. பாதிக்கு மேற்பட்ட காட்டு நிலம் மேய்ச்சலுக்கும் பயிருக்கும் வந்தது.

அதுவும் போதவில்லை. 1996-97-இல் கிபுங்கோ, உமுதாரா பகுதிகளில், நிலம் வைத்திருப்பவர் திரும்பி வந்தவருடன் பாதியாகப் பங்கிட வேண்டும் என்ற ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. அந்தப் பங்கீட்டுக்குச் சட்ட ஒப்புதல் 2005 நிலச் சட்டத்தில்தான் கிடைத்தது. அதாவது ஏறத்தாழ எட்டு ஆண்டுகள், இரு தரப்பிலும் காகிதம் இல்லாத ஒரு பாகப்பிரிவினையின் மேல் பல்லாயிரம் குடும்பங்கள் பயிர் செய்தன. 1996 டிசம்பரில் அமைச்சரவை முடிவு செய்த 'இமிதுகுது' கொள்கையும் இதே காலம்: சிதறிய வீடுகளை விட்டுத் திட்டமிட்ட ஊர்களில் குடியேற வேண்டும். நாட்டிலேயே இது மிகத் தீவிரமாக நடந்தது கிழக்கில்தான். சாலை, பள்ளி, குழாய் எல்லாவற்றையும் ஓரிடத்தில் தருவது எளிதாயிற்று. வயலுக்கு நடக்கும் தூரம் கூடியது. தொலைவில் உள்ள வயலுக்குச் சாணம் சுமப்பதில்லை. உரமில்லாத வயல் சீக்கிரம் சலிக்கும். எங்கள் பார்வையில் கிழக்கின் மண் வளம் குறைந்ததற்குச் சொல்லப்படும் காரணங்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவது இந்த நடைதூரம்.

2006: எல்லைகளைத் திருப்பி வரைதல்

2005 டிசம்பர் 31 தேதியிட்ட சட்டம் பழைய நிர்வாகப் பிரிவுகளைக் கலைத்தது. 12 மாகாணங்கள் (கிகாலி உட்பட) 5 ஆயின. 106 மாவட்டங்கள் 30. 1,545 வட்டாரங்கள் 416. பழைய கிபுங்கோவும் உமுதாராவும், கிகாலி கிராமப்புற மாகாணத்தின் பெரும் பகுதியும், பியும்பாவின் ஒரு பகுதியும் சேர்ந்து கிழக்கு மாகாணம். தலைமையிடம் ருவமகனா, கிகாலியிலிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. கிழக்கே.

புதிய பெயர்களும் திசைப் பெயர்களும் வேண்டுமென்றே வைக்கப்பட்டவை. 1994-இன் நினைவோடு பிணைந்த பழைய நிர்வாகப் பெயர்களிலிருந்து விலகுவதும், அலுவலர்களைக் குறைத்துத் தகுதியானவர்களை நியமிப்பதும் நோக்கம்.

அடுக்கு இப்படி: மாகாணம் (இந்தாரா), மாவட்டம் (அகரேரே), வட்டாரம் (உமுரெங்கே), உட்வட்டாரம் (அகாகாரி), சிற்றூர் (உமுதுகுது). கிழக்கில் 7 மாவட்டங்கள், 95 வட்டாரங்கள், 503 உட்வட்டாரங்கள், 3,792 சிற்றூர்கள். மாகாணத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் கிடையாது. ஆளுநரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். அவருடைய வேலை ஒருங்கிணைப்பதும் கண்காணிப்பதும். மன்றம், மேயர், இரு துணை மேயர்கள், வரவு செலவுத் திட்டம், சட்டத்தின் முன் தனி அமைப்பு என்ற தகுதி எல்லாம் மாவட்டத்துக்கு. 2006 முதல் ஒவ்வொரு மேயரும் குடியரசுத் தலைவரிடம் 'இமிஹிகோ' என்ற ஆண்டு இலக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார். சரிவுகளில் எத்தனை ஹெக்டேர் படிக்கட்டு வயல் அமைத்தோம், எத்தனை வீட்டுக்கு மின்சாரம் தந்தோம் என்று எண்ணில் சொல்லக்கூடியவை அதில் ஏறும். குட்டையில் சேரும் வண்டலை ஆண்டுதோறும் வாருவது போன்ற பராமரிப்பு அதில் எளிதில் ஏறாது. புதிது கட்டினால் மதிப்பெண், பழையதைக் காப்பாற்றினால் மதிப்பெண் இல்லை என்பது இம்முறையின் நிஜமான ஊனம்.

இன்னொரு ஊனம் கணக்கில் தெரிகிறது. எல்லை வரைந்தபோது நிர்ணயித்த வட்டாரங்களின் எண்ணிக்கை அப்படியே நிற்க, ஆட்கள் பெருகிவிட்டார்கள். 2012-இல் ஒரு வட்டாரத்துக்குச் சராசரி 27,300 பேர், 2022-இல் 37,500. நியாகதாரேயிலும் ங்கோமாவிலும் தலா 14 வட்டாரங்கள். ஆனால் ங்கோமாவில் 4,04,048 பேர், நியாகதாரேயில் 6,53,861 பேர். ஆக ங்கோமாவின் வட்டாரச் செயலர் 29,000 பேருக்குப் பொறுப்பு, நியாகதாரேயில் இருப்பவர் 47,000 பேருக்கு. அதுவும் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட பரப்பில். உட்வட்டாரத்தில் வழக்கமாக இரண்டு சம்பள அலுவலர்கள்: நிர்வாகச் செயலர் ஒருவர், சமூகப் பொருளாதார வளர்ச்சி அலுவலர் ஒருவர். மாகாணச் சராசரிப்படி அந்த இருவருக்கு 7,000 பேர். அதற்குக் கீழே சிற்றூர்த் தலைவரும் குழுவினரும் சம்பளமில்லாத் தொண்டர்கள்.

ஒரு துண்டு நிலம் பதிவாகும் விதம்

2009 முதல் 2013 வரை நாடு முழுக்க ஒரு கோடிக்கு மேற்பட்ட துண்டுகள் பதிவாயின. முறை எளிமையானது, அதனாலேயே வென்றது. வானிலிருந்து எடுத்த படத்தைப் பெரிதாக அச்சிட்டு உட்வட்டாரத்துக்குக் கொண்டுவருவார்கள். உள்ளூரில் பயிற்சி பெற்றவர்கள், நிலத்துக்காரரும் அக்கம்பக்கத்தாரும் கூட நடக்க, வரப்பை அந்தப் படத்தின் மேலேயே கோடாக வரைவார்கள். உள்ளூர்க் குழு உரிமையைக் கேட்டுப் பதிந்து ரசீது தரும். பிறகு பட்டியலைப் பொதுவில் வைத்து ஆட்சேபம் கேட்பார்கள். தகராறு வந்தால் 'அபுன்சி' என்ற ஊர்ச் சமரசக் குழு முதலில் விசாரிக்கும். கட்டணம் துண்டுக்கு 1,000 ஃபிராங்க். விவசாய நிலத்துக்குக் கிடைப்பது 99 ஆண்டுக் குத்தகை உரிமை. கிழக்கில் 1996-97 பாகப்பிரிவினையில் கிடைத்த பாதிகளுக்கு முதன்முதலாகப் பெயரோடு காகிதம் வந்தது இப்படித்தான்.

சறுக்கியது அதன் பிறகு. ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக வரும்படி விவசாய நிலத்தைப் பிரிக்கக் கூடாது என்று சட்டம் சொன்னது. பெரும்பாலான குடும்பங்களின் மொத்த நிலமே அதற்குக் கீழ். அப்பா இறந்தால் நான்கு பிள்ளைகள் வரப்புப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். பதிவேட்டிலோ அப்பாவின் பெயரே நிற்கும். விற்றாலும் அப்படித்தான்: சிறு துண்டின் விலையோடு பார்த்தால் மாற்றுக் கட்டணம் கனம், எனவே சாட்சிகளோடு ஒரு கைச்சீட்டு போதும் என்று விட்டுவிடுவார்கள். பத்தாண்டில் பதிவேடு ஒரு பக்கமும் வயல் இன்னொரு பக்கமுமாய் விலகத் தொடங்கியது. 2021-இல் வந்த புதிய நிலச் சட்டம் அந்தப் பிரிவினைத் தடையைத் தளர்த்தியது. தடையைப் போட்ட நோக்கம் சரி. ஆனால் மக்கள் செய்தே ஆகவேண்டியதைத் தடுக்கும் விதி, செயலைத் தடுப்பதில்லை, பதிவை மட்டுமே தடுக்கிறது.

தண்ணீர் கணக்கு

1999-2000 வறட்சியில் புகெசெராவில் பஞ்சம்; வடக்கு சியோஹோஹா ஏரி வற்றியது. 2016-இல் கயோன்சா, கிரெஹே, நியாகதாரே. உள்ளூரில் அந்தப் பஞ்சத்துக்கு 'ன்சராம்பா' என்று பெயரே உண்டு. கயோன்சாவில் மிகவும் அடிபட்ட இடங்களில் ஒன்று ந்தேகோ வட்டாரம். அது பூங்காவின் தெற்கு விளிம்பில், ஏரிகளின் நடுவே இருக்கிறது. மேலே சொன்ன தாழ்வு-மேடு சிக்கலுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

மேய்ச்சல் பகுதியில் வழக்கமான தீர்வு பள்ளத்தாக்கின் குறுக்கே மண்கரை போட்டு ஓடுநீரைப் பிடிக்கும் குட்டை. அதன் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 100 மாடு, தலைக்கு நாளுக்கு 40 லிட்டர், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை 92 நாள்: 368 கனமீட்டர். அதே நாள்களில் வெயில் நாளுக்கு 5 மி.மீ. குடித்தால் நீர்மட்டம் 46 செ.மீ. இறங்கும். குட்டையின் பரப்பு 2,000 சதுர மீட்டர் என்றால் 920 கனமீட்டர் ஆவி, மாடு குடிப்பதைப் போல இரண்டரை மடங்கு. அதே கொள்ளளவைப் பரப்பைக் கால்வாசியாக்கி ஆழப்படுத்தினால் ஆவியாவது 230 கனமீட்டர். ஆழமே முக்கியம், ஆழத்தைத் தின்பது வண்டல்.

வண்டல் இரண்டு வழியில் வரும். மேலே புல் அற்றுப்போன மேய்ச்சல் தரையிலிருந்து, கரையை மிதித்து இறங்கும் மாட்டின் குளம்பிலிருந்து. எனவே குட்டையைச் சுற்றி வேலி, கரைக்குக் கீழே தொட்டி, இடையில் தானாகப் பாயும் குழாய், மேற்பக்கம் புல் பட்டை, வெள்ளம் வழிய உறுதியான கலிங்கு என ஐந்தும் வேண்டும். கலிங்கு சிறுத்தால் ஒரே மழையில் கரை உடையும். வேலி போனால் சில ஆண்டில் குட்டை சேறாகும். பிளாஸ்டிக் தாள் விரித்த குட்டைகளில் குளம்பு பட்டால் தாள் கிழியும், கிழிந்தது தெரிவதற்குள் நீர் இறங்கிவிடும். கட்டுவதற்கு ஒரு திட்டம் பணம் தரும். வேலியை யார் கட்டிக் காப்பது என்பது எழுதப்படாமலே போகும்.

பெரிய ஏற்பாடுகளும் உண்டு. கிரெஹேயின் நாஷோவில் ஏரி நீரைச் சூரிய மின்சாரத்தால் ஏற்றி, வட்டமாகச் சுழலும் தெளிப்பான்களால் ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் பாய்ச்சுகிறார்கள். சுழலும் கைக்கு இடம் விட வேண்டுமென்றால் வயல்களின் நடுவே வீடு இருக்க முடியாது; அங்கிருந்த குடும்பங்கள் புதிய வீடுகளுக்கு மாறின. முவும்பாவின் மேல் குடிநீர், பாசனம், மின்சாரம் மூன்றுக்குமான அணைக்கு ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி 2020-இல் கடன் ஒப்புதல் தந்தது. மூன்று தேவையும் வறட்சி மாதங்களில் ஒரே நீரைக் கேட்கும். யாருக்கு முதலில் என்ற வரிசையை அணை நிரம்பும் முன்பே எழுத்தில் வைப்பது அவசியம்.

ஓரங்கள்

பூங்காவின் எல்லையில் 2013-இல் ஏறத்தாழ 120 கி.மீ. மின்வேலி எழுந்தது. யானையும் காட்டெருமையும் வயலில் இறங்குவது வெகுவாகக் குறைந்தது; மாடுகள் உள்ளே மேய்வதும் நின்றது. 2015-இல் சிங்கங்களும் 2017-இல் கறுப்புக் காண்டாமிருகங்களும் திரும்பின. பூங்கா வருமானத்தில் 10% சுற்றுவட்டாரங்களுக்குப் போகிறது. பிடுங்கியது போக மிஞ்சிய காட்டைக் காப்பாற்றிய வேலை அது.

தெற்கு ஓரத்தில் கிரெஹே. 2013-இல் தான்சானியா வெளியேற்றியவர்கள் ருசுமோ வழியே வந்து இங்கே தங்கவைக்கப்பட்டார்கள். 2015 ஏப்ரலில் புருண்டி அகதிகளுக்காக மஹாமா முகாம் திறந்தது. நாட்டின் மிகப் பெரிய முகாம். முகாமுக்குத் தண்ணீர் அகாகெராவிலிருந்து; தொடக்க ஆண்டுகளில் விறகு சுற்றியுள்ள புதரிலிருந்து வந்தது. ருசுமோ அருவியில் மூன்று நாடுகள் சமமாகப் பங்கிடும் 80 மெகாவாட் நீர்மின் நிலையமும் இந்த மாவட்டத்தின் வாசலிலேயே.

மேற்கு ஓரத்துப் புகெசெரா காகிதத்தில் கிழக்கு, நடைமுறையில் கிகாலியின் வாசல். சதுப்பும் ஆறும் குறுக்கிடுவதால் மாகாணத் தலைமையிடத்துக்குப் போக வெகுகாலம் கிகாலியைச் சுற்றியே பாதை. ங்கோமாவையும் புகெசெராவையும் தெற்கு மாகாணத்து நியான்சாவையும் இணைக்கும் 130 கி.மீ. சாலை அந்தச் சுற்றைக் குறைக்கிறது. 2017 முதல் புதிய பன்னாட்டு விமான நிலைய வேலை நடக்கிறது. 2012-க்கும் 2022-க்கும் இடையே புகெசெராவில் மக்கள் 52% கூடினார்கள். கிகாலியின் கிழக்கு வாசலான ருவமகனாவில் 55%. ஆகவே இப்போது மிக வேகமாக நிறைவது தொலைதூரப் புல்வெளி அன்று, தலைநகரின் ஓரம். அங்கே வீடு எழும் மண்ணில் பெரும்பகுதி பதிவேட்டில் விவசாய நிலம். பயன்பாட்டை மாற்ற மாவட்டத்தின் நிலப் பயன்பாட்டுத் திட்டம் இடம் தரவேண்டும், வட்டார அலுவலகம் மனுவைப் பார்க்க வேண்டும். ருவமகனாவில் அந்த அலுவலகம் ஒவ்வொன்றின் முன்னும் நிற்பது 2022 கணக்கெடுப்பின்படி சராசரி 34,600 பேர்.